எல்சிக்கு இலை பிளேனில் வரும்

முதலே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கடைக்குச் சாமான் துண்டு எழுதுகிற கையால் கட்டுரை எழுதச் சொன்னால் கோணல்மாணலாகத்தான் வரும். வாசிகசாலை மலருக்குக் கேட்டு வந்த பிள்ளைகளிடம் மாட்டேன் என்றுதான் சொன்னேன். "நீங்க கதைக்கிற மாதிரியே எழுதுங்க மாமி, மிச்சத்த நாங்க பாத்துக்கொள்றம்" என்றார்கள். மறதியும் இருக்கிறது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று குழம்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜேர்மனிக்குப் போனது ஊர் பார்க்க இல்லை. அங்கே இருக்கிற என் மகள் நஸ்ரியாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளைப் பார்க்க உம்மா போகாமல் வேறு யார் போவது?

உடுப்பை விட இலைதான் கவனமாக எடுத்து வைத்தேன். நொச்சி, ஆடாதோடை, பாவட்டை, புளியிலை, வேப்பிலை எல்லாம் விடியப் பறித்து, ஈரப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். எங்கள் கற்பிட்டிப் பக்கம் பிள்ளை பெற்றவளை இந்த இலைகளை அவித்த தண்ணியில்தான் குளிப்பாட்டுவோம். நாற்பது நாள் கழியுமுன் அந்தக் குளிப்புக் கிடைக்காதவள், வயசு போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவாள். என்னைப் பார்த்தாலே தெரியும். நஸ்ரியாவை நான் பெற்றது, தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரை விட்டு விரட்டினபோது வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கின பிறகு, அகதி முகாமில். கிடுகுக் கொட்டிலுக்குள் எங்கே இலை, எங்கே பானை? எனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கட்டும், ஒரு தரமாவது என் கையால் ஊற்றிவிட்டு வருவேன் என்று நிய்யத்து வைத்துக்கொண்டு பிளேன் ஏறினேன்.

பிளேனில் தந்த சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

எயார்போட்டில் இறங்கி வெளியே வருமுன் ஒரு நாய் வந்தது. எல்லாரையும் விட்டுவிட்டு என் பையை மணந்தது. மூக்கு ஈரமாகப் பையில் பட்டது. கழுவ வேண்டுமே என்று நான் தவிக்கும்போதே, கையுறை போட்ட ஒருவர் பையைத் திறந்து இலையை வெளியே எடுத்தார். பின்னால் நின்ற சிங்களப் பெண் ஒருத்தி எனக்காக அவரோடு கதைத்தாள். பிறகு என்னிடம் சிங்களத்தில் சொன்னாள்: "பச்சை இலை கொண்டுவர ஏலாதாம் அம்மா. பூச்சி வருமாம்." எங்கள் வீட்டு இலையில் பூச்சியா? சொல்ல வாய் வரவில்லை. எனக்கு ஊரிலேயே வாய் வராது. அவர் மூடி போட்ட தொட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டார். நொச்சி மணம் கொஞ்ச நேரம் அந்த இடத்தில் நின்றது.

மகளின் வீடு மாடியில், மூன்று அறை. பிள்ளை அல்ஹம்துலில்லாஹ் நல்ல நிறம், நஸ்ரியாவுடைய வாப்பாவின் மூக்கு. நஸ்ரியா வெறுங்காலோடு நடந்து வந்து கதவைத் திறந்தாள். தலைமயிர் ஈரம். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே பனி கொட்டுகிறது!

"என்ன மகள் இது? பிள்ளை பெத்த ஒடம்பு!"

"இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் உம்மா. ஆஸ்பத்திரியில ஐஸ் தண்ணி தந்தாங்க, குடிச்சன். ஒண்டும் ஆகல்ல."

ஆஸ்பத்திரியில் இராச் சாப்பாட்டுக்கு என்ன தந்தார்கள் என்று கேட்டேன். குளிர்ந்த பாணும் சீஸ் துண்டுமாம். அந்த நாட்டுப் பாணை நானும் தின்று பார்த்தேன். கறுப்பு நிறம், தூக்கி எறிந்தால் ஆளுக்குக் காயம் வரும். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் சீரகமும் அரைத்த சரக்குக் கறியும் சுறாப் புட்டும் வைத்து, "தின்னு புள்ள" என்று நாலு பேர் சுற்றி நிற்பார்கள். இங்கே இவள் தனியாக நின்று பாண் வெட்டியிருக்கிறாள்.

மறுநாள் மருத்துவிச்சி வந்தாள். அந்த நாட்டில் அவள் வீடு தேடி வருவது வழக்கமாம், நல்ல வழக்கம்தான். ஆனால் மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இலைத் தண்ணியைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். மகள் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள்: "புண் ஆறிட்டு, மேலால ஊத்தினா பரவாயில்லயாம். மணம் கூடின சாமான் பிள்ளைக்குக் கிட்ட கொண்டுவரக் கூடாதாம், மூச்சுக்குக் கூடாதாம். ஆனா அவசியம் இல்லயாம்."

"அப்ப ஊத்தலாம்தானே?"

"அவசியம் இல்லயாம் உம்மா."

அதோடு கதை முடிந்தது. நான் கிழமைக் கணக்காகச் சொன்னாலும் ஏறாத காது, அவள் ஒரு சொல் சொன்னதும் ஏறியது. ஊற்றுவதற்கு இலையும்தான் எங்கே? ஜன்னலால் பார்த்தேன். ஒரு மரத்திலும் ஒரு இலை இல்லை. எல்லாம் விறகுக்கு நிற்கிற மாதிரி நின்றன.

மருமகன் இர்ஷாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. எயார்போட்டில் வந்து இறங்கும் பெட்டிகளை வேனில் ஏற்றி இடமிடமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. நான் அவரோடு நேரே கதைப்பதில்லை. எங்கள் வீடுகளில் மாமி கதவுக்குப் பின்னால் நின்று "சாப்பிடச் சொல்லு மகள்" என்பாள், மருமகன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு "போதும் எண்டு சொல்லுங்க" என்பார். மகள் நடுவில் நிற்பாள். அந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கவும் இடம் இல்லை. குசினியும் இருக்கிற அறையும் ஒன்று. நான் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு எல்சிக்குச் சாப்பாடு வருது. விடிய ஓடணும்."

எல்சி யார் என்று மகளிடம் சாடையாகக் கேட்டேன்.

"அவருட ஆள்" என்றாள் மகள். சிரிக்கவில்லை.

பிறகுதான் விளங்கியது. மிருகக்காட்சிச்சாலையில் இருக்கிற கோலாக் கரடி. அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த சாதி. யூக்கலிப்டஸ் இலை தவிர வேறு எதையும் தின்னாதாம். அந்தக் குளிர் நாட்டில் குளிர்காலத்தில் அந்த இலைக்கு எங்கே போவது? எங்கேயோ சூடான ஊரில் தோட்டம் போட்டு, கொப்புக் கொப்பாக வெட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்துப் பிளேனில் அனுப்புகிறார்கள். அதை இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என் மருமகன்.

மிருகத்துக்கு இலை பிளேனில் வரலாம். என் பிள்ளைக்கு நான் கொண்டுவந்தால் தொட்டி! யூக்கலிப்டஸ் எங்களுக்குத் தெரியாத மரமா? புத்தளம் றோட்டில் வரிசையாக நிற்கிறது. ஆடு கூடத் திரும்பிப் பார்க்காது.

"எங்கட இலைக்கு ஏலாது, அதுக்கு மட்டும் ஏலுமா எண்டு கேளு மகள்."

"அதுக்குக் கடுதாசி எல்லாம் இருக்கு மாமி" என்றார் மருமகன் நேரே. "எந்தத் தோட்டம், எந்த மரம், பூச்சி இல்ல எண்டு எல்லாம் எழுதி சீல் அடிச்சு வரும்."

எங்கள் வீட்டு நொச்சிக்கு யார் சீல் அடிப்பது?

"எல்சிக்கும் இப்ப பிள்ளை பிறந்திருக்கு. வயித்துப் பைக்குள்ள இருக்கு. அதால சத்தம் போடக் கூடாது, குளிர் படக் கூடாது. பாவம்" என்றார். மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். வைத்த சத்தத்தில் பிள்ளை விழித்துவிட்டது.

விடிய மகள்தான் என்னைத் துரத்தினாள். "நீங்களும் போய்ப் பாத்திட்டு வாங்க உம்மா. அவகிட்ட அப்பிடி என்ன இருக்கு எண்டு எனக்கு வந்து சொல்லுங்க."

மருமகனோடு தனியாக, அதுவும் முன் சீட்டில்! வேனில் வேறு சீட் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, கதவோடு ஒட்டி உட்கார்ந்தேன். எயார்போட்டில் பெட்டிகளை ஏற்றினார்கள். பின்னால் இடம் போதாமல் ஒரு பெட்டியை எங்கள் நடுவில் வைத்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, வேலி மாதிரி.

ஆறுதல் கொஞ்ச நேரம்தான். பெட்டி முன்னால் இருப்பதால் ஹீற்றரைப் போட முடியாதாம், இலை வாடிவிடுமாம். பெரிய றோட்டில் எங்கேயோ விபத்து, வாகனங்கள் எல்லாம் அசையாமல் நின்றன. எனக்குப் பல்லுக் கிட்டியது. மருமகன் தன் ஜக்கெற்றைக் கழற்றிப் பெட்டிக்கு மேலால் நீட்டினார். "குறை நினைக்காதீங்க மாமி, இலை பிந்தினா அவ தின்ன மாட்டா." அவர் சேட்டோடு நடுங்கினார், நான் அவருடைய ஜக்கெற்றுக்குள் நடுங்கினேன். எங்கள் நடுவில் பெட்டி சுகமாக இருந்தது. பக்கத்துக் காரில் இருந்தவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். மாமியும் மருமகனும் ஏன் இந்தக் குளிரில் ஹீற்றர் போடாமல் இருக்கிறார்கள் என்று யோசித்திருப்பான்.

மிருகக்காட்சிச்சாலையில் கோலாக்களுக்குத் தனி வீடு. உள்ளே போனதும் எங்கள் ஊர்ச் சூடு. கற்பிட்டியில் வெங்காயம் காயப்போடுகிற நேரத்துச் சூடு. என் மகள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாள், இதற்கு இப்படி ஒரு சூடு.

அன்கே என்கிற உயரமான பெண்தான் அவற்றைப் பார்க்கிறவள். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கொப்பாக எடுத்து, மணந்து, நுனியை வெட்டித் தண்ணிக் குழாய்களில் செருகினாள். ஒரே இலை இல்லை, சாதி சாதியாக இருந்தது. நீட்டு இலை, வட்ட இலை, சாம்பல் பூத்த இலை. நேற்று விரும்பினதை இன்றைக்குத் தொடாதாம், எது வேண்டும் என்று அது சொல்லாதாம், அதனால் எல்லாவற்றையும் வைக்க வேண்டுமாம். என் மனிசனும் மீன் ஆணத்துக்கு அப்படித்தான். ஆனால் அவருக்கு ஒரு சட்டியில் ஒரு ஆணம்தான் கிடைத்தது.

எல்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொப்புக் கவட்டில் உட்கார்ந்து நித்திரை. அழகில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அழகுதான். பஞ்சுக் காது, கறுப்பு மூக்கு. வயிற்றில் ஒரு இடம் மெல்ல அசைந்தது. அதுதான் பிள்ளையாம். அன்கே உள்ளே போய் எல்சியைத் தூக்கவில்லை, இழுக்கவில்லை. தராசின் நடுவில் ஒரு கொப்பு நட்டு வைத்திருந்தாள். எல்சி தானாக வந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க நிறை பார்த்தாள். ஏதோ சொல்லிச் சொல்லி, காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தாள்.

"என்ன சொல்றா?" நான் கேட்டுவிட்டேன். மருமகனிடம் நேரே.

அவரும் அதைக் கவனிக்காத மாதிரியே பதில் சொன்னார். "நல்லாச் சாப்பிட்டிருக்கிற, கெட்டிக்காரி எண்டு சொல்றா மாமி."

என் மகளுக்கு அப்படி யார் சொன்னார்கள்?

பிறகு மருமகன் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கோலா இவர்களுக்குச் சொந்தம் இல்லையாம், இரவலாம். பிறந்த பிள்ளையும் அனுப்பினவர்களுக்குத்தான் சேருமாம். வரும்போது ஒரு மிருக வைத்தியரும் கூடவே பிளேனில் வந்தாராம், பழகின ஆளும் வந்து சில காலம் கூட இருந்தாளாம், தின்கிற இலையும் வந்ததாம். அந்த நேரம் பக்கத்தில் நின்ற வயசான வெள்ளைக்காரி ஒருத்தி கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு தன் மனிசனிடம் எதையோ சொல்லி உச்சுக் கொட்டினாள். "என்னவாம்?" என்றேன்.

"பாவம், பிறந்த ஊர விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கு எண்டு சொல்றா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மிருகத்தின் மேல் அப்போது வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சம் இல்லை. நாங்கள் வந்து இறங்கியபோது கற்பிட்டிச் சனம் சோறு தந்தது, கிணறு தந்தது, அதை மறைத்தால் அல்லாஹ்வுக்குப் பொருந்தாது. ஆனால் எங்களோடு யாரும் இலை அனுப்பவில்லை. எது தின்போம், எது தின்ன மாட்டோம் என்று யாரும் கேட்கவில்லை.

அன்கே பழைய கொப்புகளைக் குழாயில் இருந்து உருவினாள். இலை வாடாமல் பச்சையாகவே இருந்தது. அப்படியே தள்ளுவண்டித் தொட்டிக்குள் போட்டாள். அந்தத் தொட்டியைப் பார்த்ததும் எனக்கு எயார்போட்டுத் தொட்டி ஞாபகம் வந்தது.

நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. நிவாரணம் கொடுத்த காலத்திலும் வரிசையில் கடைசியாக நின்று, முடிந்துவிட்டது என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவள். அன்றைக்கு எப்படி வந்ததோ தெரியாது, மருமகனின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மகன், அந்தக் கொத்தக் கேட்டுப் பாருங்க."

"என்னத்துக்கு மாமி?"

என்னத்துக்கு என்று அவரிடம் சொல்வது எப்படி? பிள்ளை பெற்ற குளிப்பைப் பற்றி மருமகனிடம் வாய் திறக்க எந்த மாமிக்கு முடியும்? நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இடுப்பு நோ" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவர் கேட்டார். அன்கே என்னை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு உள்ளே போய் மேலாளிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கொத்தை எடுத்து உதறி, பேப்பரில் சுற்றி நீட்டினாள். வாங்கும்போது எனக்கு இன்னொரு யோசனை வந்தது. மிருகம் மிச்சம் வைத்ததா என் பிள்ளைக்கு? எச்சிலா? கை பின்வாங்கியது. மருமகன் கேட்டுச் சொன்னார்: "கடிக்கல்லயாம் மாமி. மணந்து பாத்திட்டு, இண்டைக்கு வாணாம் எண்டு விட்டதாம். நல்ல இலையாம்."

வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது பெட்டி இல்லை, ஹீற்றர் போட்டார். நடுவில் வேலியும் இல்லை. கொத்தை நடுச் சீட்டில் வைத்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் மகள் மூக்கைச் சுளித்தாள். "என்ன மணம் இது? சளித் தடிமனுக்குப் பூசுற பாம் போத்தல் உடைஞ்ச மாதிரி!"

"மாமிக்கு இடுப்பு நோவாம். எல்சிட இலையில கொஞ்சம் கேட்டு வாங்கினா" என்றார் மருமகன்.

மகள் என்னைப் பார்த்தாள். பொய் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவரைப் பார்த்து, "எப்பிடி இருக்கிறா உங்கட ஆள்?" என்றாள்.

அந்த மனிசன் கதிரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். நிறை கூடியிருக்கிறாள், நல்லாத் தின்கிறாள், பிள்ளை அசைகிறது, அமைதி வேண்டும், சூடு வேண்டும், றோட்டில் பிந்தி இலை பழுதாகிவிடுமோ என்று உயிர் போய்விட்டது. நான் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று, போதும் மகன் போதும் என்று மனசுக்குள் சொன்னேன். மகள் அவர் முடிக்கும் வரைக்கும் கேட்டாள்.

"எனக்குக் கடைசியா எப்ப தேத்தண்ணி போட்டுத் தந்தீங்க?"

அவர் யோசித்தார். யோசித்ததுதான் பிழை.

"பிள்ளையத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போங்க. கதவச் சாத்துங்க. சத்தம் போடாதீங்க, பிள்ளை பெத்தவளுக்கு அமைதி வேணுமாம்." என் பக்கம் திரும்பினாள். "உம்மா, சட்டிய வைங்க. அவட சாப்பாட்டக் கொண்டுவந்து என்ட தலையில ஊத்துங்க."

பிரியாணிச் சட்டியில் அவித்தேன். தண்ணி பச்சையாகி, பிறகு மண்ணிறமாகி, ஆவி குசினி முழுக்க எழும்பியது. உடனே மேலே கூரையில் இருந்த ஒரு வட்டப் பெட்டி கத்தத் தொடங்கியது. நெருப்பு என்று நினைத்துக் கத்துகிறதாம். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மருமகன் ஒரு கையில் பிள்ளையோடு, மறு கையில் துவாயை வீசி வீசி அதை அடக்கினார். கீழ் வீட்டுக்காரர் மணந்து பார்த்துவிட்டு எதையோ சொல்லிப் போனார். யாருக்குத் தடிமன் என்று கேட்டாராம்.

குளிக்கிற தொட்டிக்குள் வாளியைக் கவிழ்த்து வைத்து மகளை உட்கார்த்தினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பிஸ்மி சொல்லி முதல் கோப்பையை இடுப்பில் ஊற்றினேன். அவள் மூச்சை இழுத்தாள்.

"சுடுதா மகள்?"

"இல்ல. இன்னும் ஊத்துங்க."

ஊற்றினேன். இடுப்பில், முதுகில், தோளில். இலையால் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் சிரித்தாள், எல்சி அறிந்தால் பட்டினி கிடப்பாள் என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. தலையை என் வயிற்றில் சாய்த்துவிட்டு அப்படியே இருந்தாள். என் உடுப்பு முழுக்க நனைந்தது. "நல்லா இருக்கிறாய், கெட்டிக்காரி" என்றேன். அன்கே சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது, ஆனால் சொன்னேன்.

வெளியே வந்தபோது மேசையில் இரண்டு தேத்தண்ணி மூடி வைத்திருந்தது. சீனி போட மறந்திருந்தார். குடித்தோம்.

இதில் பிழைகள் இருக்கும், படித்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். கோலா கரடிச் சாதி இல்லையாம், அதைச் சரியாக எழுதுங்கள். புத்தளம் றோட்டில் நிற்பதும் அது தின்கிற மரமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு அந்த இலை சரியா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நான் ஊற்றினேன் என்பதற்காக யாரும் ஊற்ற வேண்டாம், பச்சைப் பிள்ளைக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் தோன்றியது. எல்சிக்கு இலை பிளேனில் வந்தது, வைத்தியர் வந்தார், பழகின ஆள் வந்தாள். எல்சி அந்தப் பிள்ளையைப் பெற்ற நேரம், எல்சியைப் பெற்ற தாய் எங்கே இருந்தது? அதையும் கொண்டுவந்து விட்டார்களா? யாராவது விசாரித்து எனக்குச் சொல்லுங்கள்.